பதில் சொல்லாதவர்களையும் கணக்கில் சேர்ப்பது எப்படி?



கையில் இருக்கும் போனிலேயே வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். மின்கட்டணம் கட்டுகிறீர்கள். பட்டா நகல் எடுக்கிறீர்கள். வேலை முடிந்ததும் திரையில் ஒரு சின்னப் பெட்டி வருகிறது: "எங்கள் சேவை எப்படி இருந்தது? ஒரு நிமிடம் ஒதுக்க முடியுமா?" சிலர் ஐந்து நட்சத்திரத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். சிலர் கோபத்தில் ஒன்றே ஒன்று. மற்றவர்கள் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தொட்டு மூடிவிடுகிறார்கள். மூடுவதிலும் தப்பு இல்லீங்க, அவரவருக்கு ஆயிரம் வேலை.

ஆனால் வந்து சேர்ந்த பதில்கள் அப்படியே கிடப்பதில்லை. அவற்றைக் கூட்டி வகுத்தால், "இத்தனை சதவீதம் பேர் சேவை எளிது என்கிறார்கள்" என்று ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணை வைத்து முடிவுகள் எடுக்கலாம். கவுன்ட்டர்களைக் குறைக்கலாமா, எந்தப் பகுதியில் முகாம் போடலாம், எந்தப் படிவத்தை எளிமையாக்கலாம் என்று பலதும் அதில் அடங்கும். ஆகவே இன்று ஒரே ஒரு கேள்வியைப் பற்றிப் பேசுகிறேன். அந்த எண் யாருடைய குரல்? எல்லோருடைய குரலாகவும் இல்லை என்றால், அதை எப்படிச் சரிசெய்வது?

மூன்று சல்லடைகள்

ஒரு ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோருடைய கருத்தும் நமக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இவர்கள்தான் நம் இலக்கு மக்கள். போன் வழியாகக் கேட்கும்போது இவர்கள் மூன்று சல்லடைகளைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது.

முதல் சல்லடை, இணையம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடம் "எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா?" என்று கேட்டது. இந்திய அளவில் ஆண்களில் 57.1 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பெண்களில் 33.3 சதவீதம் பேர்தான். கிராமத்துப் பெண்களை மட்டும் எடுத்தால் 24.6 சதவீதம். அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கும். ஆனாலும் வீட்டில் ஒரு போன் இருப்பது வேறு, அது யார் கையில் இருக்கிறது என்பது வேறு.

இரண்டாவது சல்லடை, இணைப்பு கண்ணில் படுவது. செயலியைப் பயன்படுத்துபவருக்குத்தான் அந்தப் பெட்டி வரும். இ-சேவை மையத்தில் பணம் கொடுத்து விண்ணப்பித்தவருக்கு வராது. அங்கே விண்ணப்பித்தவர் சார்பாகப் பொத்தானைத் தட்டியவர் மையத்தில் இருப்பவர்.

மூன்றாவது சல்லடை, பதில் சொல்லும் மனசு. மிகவும் திருப்தி அடைந்தவரும் மிகவும் நொந்து போனவரும் எழுதுவார்கள். நடுவில் இருப்பவர் பேசாமல் போய்விடுவார்.

மூன்றையும் தாண்டி வந்தவர்கள் ஊரின் அச்சு அசலான பிரதியாக இருந்தால் அது அபூர்வம்.

ஒரு பானைச் சோறு

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நாம் சொல்வது சரிதான். மாதிரிக் கணக்கெடுப்பின் அடிப்படையே அதுதான். ஆனால் அந்தப் பழமொழிக்குள் சொல்லாத நிபந்தனை ஒன்று இருக்கிறது. பானையைக் கிளறியிருக்க வேண்டும். கிளறாத பானையில் அடிச்சோறு குழைந்திருக்கும், மேல்சோறு அரிசியாக இருக்கும். மேலே இருந்து ஒரு பருக்கை இல்லை, ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தாலும் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

"நிறையப் பேர் பதில் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்புகிறோம் பாருங்க, அது கரண்டிக்குப் பதிலாக அண்டாவில் மேல்சோற்றை அள்ளுவது மாதிரி.

இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டு அதிபர் தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் சுமார் ஒரு கோடி பேருக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு மாதிரி அனுப்பியது. சுமார் 24 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. அதை எண்ணிப் பார்த்து, குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லாண்டன் தெளிவாக வெல்வார் என்று இதழ் அறிவித்தது. வென்றவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். சுமார் 61 சதவீத வாக்குகள் அவருக்கு. அன்று இருந்த 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் மிகச் சிறிய மாதிரியை வைத்தே ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார்.

தப்பு எங்கே நடந்தது? இதழுக்கு முகவரிகள் கிடைத்தது தொலைபேசிப் புத்தகங்களிலும் கார் வைத்திருப்போர் பட்டியல்களிலும். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. போனும் காரும் வைத்திருந்தவர்கள் ஏழைகளைப் போல வாக்களிக்கவில்லை. அதோடு, சீட்டு கிடைத்த நான்கு பேரில் ஒருவர்கூடத் திருப்பி அனுப்பவில்லை. மெனக்கெட்டு அனுப்பியவர்களின் எண்ணமும் அனுப்பாதவர்களின் எண்ணமும் ஒன்றாக இல்லை. முதல் சல்லடை, மூன்றாவது சல்லடை இரண்டும் ஒரே பக்கம் சாய்த்துவிட்டன.

எடை போட்டுச் சரிசெய்வது

சரி, இணையவழியில் வந்த பதில்களைத் தூக்கி எறிய வேண்டியதுதானா? வேண்டாம். சரிசெய்ய வழி இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். கொஞ்சம் எண்கள் வரும், ஆனால் எல்லாம் கடைக்கணக்குதான்.

நம் கற்பனை ஊரில் பெரியவர்கள் 1,00,000 பேர். அவர்களில் 18 முதல் 35 வயது வரை 40 சதவீதம், 36 முதல் 59 வரை 40 சதவீதம், 60 வயதுக்கு மேல் 20 சதவீதம். "சான்றிதழ் வாங்குவது எளிதாக இருந்ததா?" என்று இணையத்தில் கேட்கிறோம். 1,000 பேர் பதில் சொல்கிறார்கள். அதில் இளையவர்கள் 700 பேர், நடுவயதினர் 250 பேர், மூத்தவர்கள் வெறும் 50 பேர்.

இளையவர்களில் 80 சதவீதம் "எளிது" என்றார்கள், அதாவது 560 பேர். நடுவயதினரில் 60 சதவீதம், அதாவது 150 பேர். மூத்தவர்களில் 30 சதவீதம், அதாவது 15 பேர். மொத்தம் 725 பேர். அப்படியே அறிவித்தால், "72.5 சதவீதம் பேருக்கு எளிது."

இப்போது ஊரின் உண்மையான பங்கை வைத்துப் பார்ப்போம். ஊரில் 40 சதவீதமாக இருக்கும் இளையவர்கள் நம் பட்டியலில் 70 சதவீதமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எனவே அவர்களில் ஒவ்வொருவரின் பதிலுக்கும் 40-ஐ 70-ஆல் வகுத்து, சுமார் 0.57 எடை கொடுக்கிறோம். நடுவயதினருக்கு 40-ஐ 25-ஆல் வகுத்தால் 1.6. மூத்தவர்களுக்கு 20-ஐ 5-ஆல் வகுத்தால் 4. வந்த ஒவ்வொரு மூத்தவரும் நான்கு பேருக்காகப் பேசுகிறார் என்று அர்த்தம்.

இந்த எடையோடு மறுபடி கூட்டினால், இளையவர்களிடமிருந்து 32, நடுவயதினரிடமிருந்து 24, மூத்தவர்களிடமிருந்து 6. மொத்தம் 62 சதவீதம்.

72.5 எங்கே, 62 எங்கே! ஊரில் ஒரு லட்சம் பேர் என்றால் இந்த 10.5 சதவீதம் 10,500 பேர். எடை போடாமல் விட்டிருந்தால், சிரமப்படும் 10,500 பேர் காகிதத்தில் சிரமமே இல்லாதவர்களாக ஆகியிருப்பார்கள். அந்தக் காகிதத்தை நம்பி ஒரு கவுன்ட்டரை மூடினால், வரிசையில் நிற்கப்போவது அவர்கள்தான்.

ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்

வயது மட்டும் போதாதே. ஆண், பெண் உண்டு. நகரம், கிராமம் உண்டு. படிப்பு உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எப்படிச் சரிசெய்வது?

நார்க்கட்டில் இழுத்துக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் இறுக்கினால் இன்னொரு பக்கம் லேசாகத் தளரும். அந்தப் பக்கத்தை இறுக்கிவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வர வேண்டும். நாலைந்து சுற்று வந்தால் எல்லாப் பக்கமும் சமமாக நிற்கும். இந்தக் கணக்கும் அப்படித்தான். முதலில் வயதைச் சரிசெய்வார்கள். பிறகு ஆண், பெண் பங்கு. அதில் வயது கொஞ்சம் கலையும். மறுபடி வயது, மறுபடி பாலினம், பிறகு நகரம், கிராமம் என்று எல்லாம் பொருந்தும்வரை சுற்றி வருவார்கள். ரேக்கிங் என்று இதற்குப் பெயர். 1940இல் டெமிங், ஸ்டீஃபன் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் இந்த வழியை எழுதி வைத்தார்கள். அன்று கையால் போட்டதை இன்று கணினி நொடியில் போட்டுவிடுகிறது.

ஆனால் பொருத்திப் பார்க்க நம்பகமான ஓர் அளவுகோல் வேண்டும். ஊரில் எந்த வயதினர் எத்தனை பேர் என்று வேறு ஒரு நல்ல கணக்கு சொல்ல வேண்டும். நமக்கு அதைச் சொல்வது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அதில் 48.4 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027க்கு என்று அறிவிக்கப்பட்டது. படிக்கல் பழசானால் தராசும் கொஞ்சம் பிசகும். வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளருக்கு நீங்கள் சரியான விவரம் சொல்வது ஏன் முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு நடக்கும் எத்தனையோ ஆய்வுகளுக்கு அதுதான் படிக்கல்.

எடைக்கும் ஒரு விலை உண்டு

எடை போடுவது இலவசம் இல்லை. நம் உதாரணத்தில் மூத்தவர்கள் 50 பேர்தான் 200 பேருக்காகப் பேசுகிறார்கள். அந்த 50 பேரில் இரண்டு பேர் மனசு மாறினாலே கணக்கு ஆடும். இந்த ஆட்டத்தை அளக்க லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, எடைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நம் ஊர்க்கணக்கில் போட்டுப் பார்த்தால் சுமார் 600 வருகிறது. அதாவது காகிதத்தில் 1,000 பேர் இருந்தாலும், துல்லியத்தில் 600 பேரிடம் கேட்டதற்குச் சமம்தான்.

இதனால்தான் யாருக்கும் அளவுக்கு மீறிய எடை போகாமல் ஒரு வரம்பு வைப்பார்கள். ஒரே ஒருவருக்கு 40 எடை போனால், அவருடைய அன்றைய மனநிலை ஊரின் கருத்தாகிவிடும் இல்லீங்களா?

நன்றாக வேலை செய்த இடம்

2012 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஆராய்ச்சியாளர்கள் சிலர் எக்ஸ்பாக்ஸ் என்ற வீடியோ கேம் கருவி வழியாகக் கருத்துக் கேட்டார்கள். சுமார் 3.45 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். அவர்களில் 93 சதவீதம் பேர் ஆண்கள். 18 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் 65 சதவீதம். ஆனால் வாக்களிக்கப் போனவர்களில் ஆண்கள் 47 சதவீதம்தான், அந்த வயதினர் 19 சதவீதம்தான். இதைவிடச் சாய்ந்த ஒரு கூட்டத்தைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

அப்படியே கூட்டினால் கிடைத்த விடை உதவாதது. ஆனால் அவர்கள் வயது, பாலினம், இனம், படிப்பு, மாநிலம், எந்தக் கட்சிச் சார்பு, 2008இல் யாருக்கு வாக்களித்தார் என்று பல கோணங்களில் பதில்களை ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பதில் என்னவாக இருக்கும் என்பதை ஒரு புள்ளியியல் மாதிரியால் கணித்தார்கள். பிறகு அந்தக் கட்டத்தில் வாக்காளர்கள் உண்மையில் எத்தனை பேரோ, அந்தப் பங்கில் சேர்த்தார்கள். கிடைத்த விடை, முன்னணிக் கருத்துக்கணிப்புகளோடு போட்டி போடும் அளவுக்கு நன்றாக இருந்தது.

இங்கே உதவியது பதில்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை. கேள்வியோடு நெருங்கிய தொடர்புள்ள விவரங்களைக் கேட்டு வைத்திருந்ததுதான் பெரிய உதவி. போன முறை யாருக்கு வாக்களித்தார் என்பது இந்த முறை யாருக்கு என்பதைப் பெரிதும் சொல்லிவிடும். எந்த விவரத்தை வைத்து எடை போடுகிறோம் என்பது, எந்தச் சூத்திரத்தால் போடுகிறோம் என்பதைவிட முக்கியம். 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கருத்துக்கணிப்புகள் தவறியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. வயதுக்கு எடை போட்டார்கள், பாலினத்துக்குப் போட்டார்கள். படிப்புக்குப் போடாமல் விட்டவர்கள் பலர். அதிகம் படித்தவர்கள் அதிகமாகப் பதில் சொன்னார்கள், அவர்களின் வாக்கும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

எடை போட்டும் தவறிய இடம்

இப்போது கசப்பான பக்கம். 2021இல் அமெரிக்காவில் கொரோனா தடுப்பூசி எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்று பல ஆய்வுகள் கேட்டன. ஃபேஸ்புக் வழியாக நடந்த ஆய்வுக்கு வாரத்துக்குச் சுமார் 2.5 லட்சம் பதில்கள் வந்தன. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பின் இணையவழி ஆய்வுக்கு இரண்டு வாரத்துக்குச் சுமார் 75,000. மூன்றாவதாக, சுமார் 1,000 பேரிடம் மட்டும் கேட்ட ஒரு சிறிய ஆய்வு.

பிறகு அரசின் தடுப்பூசிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021 மே மாதத்தில், முதல் டோஸ் போட்ட பெரியவர்களின் விகிதத்தை ஃபேஸ்புக் ஆய்வு 17 சதவீதப் புள்ளிகள் கூட்டிச் சொல்லியிருந்தது. கணக்கெடுப்பு அமைப்பின் ஆய்வு 14 புள்ளிகள் கூட்டிச் சொல்லியிருந்தது. 1,000 பேர் ஆய்வு உண்மையை ஒட்டி நின்றது. அந்த 2.5 லட்சம் பதில்கள் தந்த துல்லியம், சரியான குலுக்கலில் எடுத்த வெறும் 10 பேரிடம் கேட்டதற்கு மேல் இல்லை என்று 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை கணக்கிட்டது.

கவனியுங்க. அந்தப் பெரிய ஆய்வுகள் எடை போடாதவை இல்லை. ஃபேஸ்புக் ஆய்வு வயது, பாலினத்துக்கு எடை போட்டது. மற்றது படிப்பு, இனம் வரைக்கும் போட்டது. ஆனாலும் தவறியது. ஒரே வயது, ஒரே படிப்பு உள்ள இரண்டு பேரில்கூட, ஆய்வுக்குப் பதில் சொல்லும் மனசு உள்ளவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் மனசும் உள்ளவராக இருந்திருக்கலாம். அந்த மனசுக்கு எந்தப் பட்டியலிலும் ஒரு கட்டம் கிடையாது. இல்லாத கட்டத்துக்கு எடை போட முடியாது.

அந்தச் சிறிய ஆய்வும் இணையத்தில் நடந்ததுதான். வித்தியாசம் என்னவென்றால், வருகிறவர் வரட்டும் என்று அது வாசலைத் திறந்து வைக்கவில்லை. முகவரிப் பட்டியலில் இருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த குழுவிடம் கேட்டது. அந்தக் குழுவில் இணைய வசதி இல்லாதவர்களுக்குக் கருவியும் இணைப்பும் கொடுக்கப்பட்டன.

நம் கற்பனை ஊருக்குத் திரும்பி இதையே பார்க்கலாம். எடை போட்ட பிறகு 62 சதவீதம் வந்தது. அதில் மூத்தவர்களுக்காகப் பேசிய 50 பேரும் போன் வைத்திருக்கும் மூத்தவர்கள். ஊரில் மூத்தவர்களில் பாதிப் பேரிடம் ஸ்மார்ட்போன் இல்லை, அவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான் சேவை எளிது என்று வைப்போம். அப்படியானால் மூத்தவர்களின் உண்மையான விகிதம் 30 இல்லை, 20. நடுவயதினரில் கால்வாசிப் பேரிடம் போன் இல்லை, அவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் எளிது என்றால், அங்கே 60 இல்லை, 50. மொத்தம் கூட்டினால் 56 சதவீதம்.

ஆக, எடை போடாமல் 72.5. போட்ட பின் 62. உண்மை 56. எடை நம்மைச் சரியான திசையில் நடத்திக்கொண்டு போகிறது, ஆனால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு விடவில்லை. ஒரு பிரிவினரில் ஒருவர்கூட வரவில்லை என்றால் இன்னும் மோசம். சுழியை எந்த எண்ணால் பெருக்கினாலும் சுழிதான். சிக்னலே இல்லாத ஒரு மலைக்கிராமத்தை எந்த எடையாலும் பேச வைக்க முடியாது.

தேடிப் போய்க் கேட்பது

அப்படியானால் மிச்சம் இருக்கும் தூரத்தைக் கடப்பது எப்படி? நேரில் போய்த்தான். இந்தியாவுக்கு இதில் நல்ல பாரம்பரியம் உண்டு. பி.சி. மகலனோபிஸ் வழிகாட்டுதலில் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஊர்களையும் வீடுகளையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வீடு தேடிப் போய்க் கேட்கும் முறை அது. தேர்வாகும் வாய்ப்பு எல்லோருக்கும் உண்டு, அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதும் தெரியும். பானையைக் கிளறுவது என்று சொன்னேனே, இதுதான் அது.

எல்லாச் சின்னக் கேள்விக்கும் வீடு வீடாகப் போக முடியாது, உண்மைதான். ஆனால் இரண்டையும் சேர்க்கலாம். பெரிய அளவில் இணையத்தில் கேட்டுவிட்டு, குலுக்கலில் எடுத்த இருநூறு வீடுகளுக்கு மட்டும் போனிலோ நேரிலோ அதே கேள்வியைக் கேட்கலாம். இணையத்தில் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்த இருநூறு வீடுகள் காட்டிக்கொடுத்துவிடும். நெதர்லாந்தில் 2007இல் தொடங்கிய ஓர் ஆய்வுக்குழு இன்னொரு வழியைக் காட்டியது. ஆட்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, கணினியோ இணையமோ இல்லாத வீட்டுக்கு இரண்டையும் கொடுத்தே பதில் வாங்கினார்கள். இணையம் இல்லாதவரைக் கணக்கில் இருந்து நீக்குவதற்குப் பதிலாக, அவர் கையில் இணையத்தைக் கொடுத்தார்கள்.

உங்கள் பங்கு என்ன?

இவ்வளவும் புள்ளியியல் படித்தவர்கள் பாடு, எனக்கு என்ன என்று கேட்பீர்கள். உங்கள் விரல் நுனியிலும் கொஞ்சம் இருக்கிறது.

ஒன்று, கருத்துக் கேட்கும் படிவத்தில் வயது, பாலினம், மாவட்டம், நகரமா கிராமமா என்று கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். எடை போடுவதற்குத்தான் அது. விளையாட்டுக்கு 25 வயசுன்னு தட்டினால், உங்கள் பதிலும் கெடும், உங்கள் வயதினர் அத்தனை பேரின் எடையும் கெடும்.

இரண்டு, அதற்கு மேல் கேட்டால் உஷாராக இருங்கள். எடை போட வயதுப் பிரிவு போதும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி எதுவும் தேவையில்லை. சர்வே என்ற பெயரில் ஓடிபி கேட்பவர் சர்வே எடுப்பவர் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

மூன்று, வீட்டில் அம்மாவோ தாத்தாவோ இருந்தால், படிவம் அனுமதித்தால், அவர்களைக் கேட்டு அவர்களுக்கும் ஒன்று நிரப்பிக் கொடுங்கள். ஆனால் அவர்கள் வயதைப் போட்டு உங்கள் கருத்தை எழுதாதீர்கள். "ஏம்மா, ரேஷன் கடையில் கைரேகை விழுதா?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே பதியுங்கள். நம் ஊர்க்கணக்கில் அந்த ஒரு பதிலின் எடை நான்கு என்பதை நினைவில் வையுங்கள்.

நான்கு, ஒருவர் ஒரு முறைதான். ஒரே ஆள் ஐந்து தடவை அழுத்துவதும், ஒரே வாட்ஸ்ஆப் குழு முழுக்க இணைப்பை அனுப்பி "எல்லாரும் இதையே போடுங்க" என்பதும் பானையின் மேல்சோற்றை இன்னும் உயரமாகக் குவிப்பதுதான்.

ஐந்து, சதவீதத்தோடு ஒரு செய்தி வந்தால் பகிரும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். யாரைப் பற்றிய எண் இது? யாரிடம், எந்த வழியாகக் கேட்டார்கள்? எந்தெந்த விவரத்துக்கு எடை போட்டார்கள்? இணையத்துக்கு வராதவர்களிடம் யாராவது கேட்டார்களா? "ஐந்து லட்சம் பேர் கலந்துகொண்டார்கள்" என்பது இந்த நான்கில் எதற்கும் பதில் இல்லை.

அரசு அலுவலகங்களிலும் மையங்களிலும் பணிபுரிகிற நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருத்துக் கேட்பின் முடிவை வெளியிடும்போது எடை போடாத எண், எடை போட்ட எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எந்த வயதினர், எந்தப் பகுதியினர் குறைவாக வந்தார்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அடுத்த முகாமை எங்கே போட வேண்டும் என்பதை அந்த ஒரு வரியே காட்டிவிடும்.

அடுத்த முறை அந்தச் சின்னப் பெட்டி உங்கள் திரையில் வரும்போது ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் பதிலைப் பதித்துவிட்டு, பக்கத்தில் போன் இல்லாமல் இருப்பவர் யார் என்று ஒரு தடவை பாருங்கள். அவருக்கும் ஒரு கருத்து இருக்கும்.